பி.ஏ. தத்துவமா, பி.ஏ. வரலாறா?

பிளஸ் டூ முடித்த அக்கா மகன் கேட்ட கேள்வி இது. கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை, அதை விட்டுவிடலாம்.

கிடைப்பது:
வரலாறு – ஊருக்கு ஊர் கல்லூரி, தமிழ் வழியிலும் உண்டு.
தத்துவம் – தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரி போல ஒரு சில இடங்கள்தான். பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

படிப்பு:
வரலாறு – ஆண்டு, அரசர், ஒப்பந்தம். நினைவாற்றல் வேண்டும்.
தத்துவம் – தர்க்கவியல் வகுப்பில் ‘மழை பெய்தால் தரை நனையும்; தரை நனைந்திருக்கிறது; ஆகவே மழை பெய்தது’ என்று எழுதிப்போட்டு ஓட்டை எங்கே என்பார்கள். (பக்கத்து வீட்டுக்காரர் வாசல் தெளித்திருக்கலாமே!) இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வீட்டில் சண்டை நிச்சயம், ஆனால் சட்டப் படிப்பில் அதுதான் கைகொடுக்கும். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம்.

வேலை:
வரலாறு – பி.எட். சேர்த்தால் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். டி.என்.பி.எஸ்.சி.க்கும் நேரடியாக உதவும்.
தத்துவம் – பள்ளியில் பாடமே இல்லை. எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு என்று போனால் கல்லூரி ஆசிரியர், இடங்கள் குறைவு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் இரண்டுமே விருப்பப்பாடம், 500 மதிப்பெண். தத்துவத்தின் பாடத்திட்டம் சிறியது; 2013 முதல் எல்லோரும் எழுதும் 250 மதிப்பெண் அறவியல் தாளுக்கும் அது உதவும்.

சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் வரலாறு. வக்கீல், ஐ.ஏ.எஸ். என்று இன்னும் சில வருடம் வீட்டில் தாங்குவார்கள் என்றால் தத்துவம். அவனுக்கு நான் சொன்னது வரலாறு. விண்ணப்பம் போட்டிருப்பது தத்துவத்துக்கு.