46,500 ரூபா போச்சு! அத்தி வாசச் சென்ட் ஒன்லைன்ல வாங்குற ஆக்கள் வாசியுங்கோ

இன்னும் கை நடுங்குது, ஆத்திரத்திலதான் எழுதுறன். லைவ் போட்டு வெளிநாட்டுச் சென்ட் விக்கிற ஒரு ஒன்லைன் கடைக்காரன் என்ர 46,500 ரூபாயை விழுங்கிப்போட்டு இருக்கிறான். பேர் போடேல்ல, போட்டா நாளைக்கு வேற பேரில வருவான்.

தங்கச்சிக்கு ஆவணியில கலியாணம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த பாரிஸ் மச்சாள் ஒரு சென்ட் பூசினவ, டிப்டிக் எண்ட பிரெஞ்சுக் கொம்பனியின்ர பிலோசிகோஸ் எண்ட அத்திச் சென்ட். தங்கச்சி அண்டைக்கு முழுக்க அவவின்ர கையைப் பிடிச்சு மணந்துகொண்டே திரிஞ்சவள். அடிச்ச உடன பச்சை இலையைக் கசக்கின மணம், கொஞ்சம் கசப்பு. பிறகு மெல்ல மெல்லப் பால் வாசம் ஏறும், எங்கட குளக்கட்டு அத்தியில காம்பை முறிச்சா வடியிற பாலுக்க தேங்காய்ப்பாலையும் விட்ட மாதிரி. பின்னேரம் பாத்தா இனிப்பு அடங்கி காய்ஞ்ச பலகை மணம் மட்டும் தோலோட கிடக்கும், அது சீடர் மரமாம். பழத்தை விட மரம்தான் கூட மணக்கும். கலியாணத்துக்கு இதுதான் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்.

தேடேக்கதான் இந்தக் கடை வந்து மாட்டிச்சு. லைவில அந்தப் பெடியன் கதைச்ச கதையக் கேக்கோணும். ஒலிவியா ஜியாகொபெட்டி எண்ட பிரெஞ்சு மனிசி 1994 இல வேற கொம்பனிக்கு ஒரு அத்திச் சென்ட் செய்து, பிறகு 1996 இல டிப்டிக்குக்கு இதைச் செய்தவ எண்டு எல்லாம் சரியாச் சொல்லுறான். மச்சாளிட்டக் கேட்டன், அதெல்லாம் உண்மைதான் எண்டா. கேஷ் ஒன் டெலிவரி இருக்கோ எண்டு இன்பொக்ஸில கேக்க உடன வொயிஸ் போட்டான், "அக்கா, விலை கூடின சாமானுக்கு அது இல்ல, நானும் முள்ளியவளைப் பெடியன்தான், எங்கட சனத்தை நான் பேய்க்காட்டுவனோ?" அந்தக் குரலில ஒரு பொய் தெரியேல்ல பாருங்கோ. அப்பா கச்சான் வித்துத் தந்ததும் என்ர சீட்டுக் காசும் சேத்து 46,500 ரூபாயும் அண்டைக்கே பாங்கில போட்டு ஸ்லிப்பும் அனுப்பினன்.

பார்சல் வந்துது. முட்டை வடிவ லேபிள் சரிஞ்சு ஒட்டியிருக்கு, பேரில ஒரு எழுத்தைக் காணேல்ல. அடிச்சா முதல்ல ஸ்பிரிட் மூக்கில ஏறுது, பிறகு தேசிக்காய், கொஞ்ச நேரத்தில வெனிலா ரொபி, அதோட சரி. இலையும் இல்ல பாலும் இல்ல மரமும் இல்ல, மத்தியானத்துக்குள்ள அந்த ரொபியும் போட்டுது. தங்கச்சி மணந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல, போத்திலை மூடி மேசையில வச்சிட்டுப் போட்டாள்.

அவனுக்கு எழுதினா, "வன்னி வெயிலுக்கு அப்பிடித்தான் மணக்கும் அக்கா" எண்டான். பிறகு ஒரு கிழமை அலுமாரிக்க வையுங்கோ செட்டில் ஆகும் எண்டான், வச்சுப் பாத்தும் அதே ரொபி. பிறகு கொரியர்காரர் மாத்தியிருப்பினம் எண்டான், ஓனர் கொழும்பில நிக்கிறார் எண்டான் (லைவில தான்தான் ஓனர் எண்டவன்!). கடைசியா "இது அசல் அத்தி இலை எண்ணெய், உங்களுக்குத்தான் மணம் விளங்கேல்ல" எண்டு எனக்கே திருப்பிப் பேச்சு. அத்தி இலையில இருந்து எடுக்கிற சாறு தோலில பட்டு வெயில் பட்டா புண்ணாக்கும் எண்டு சென்ட் தொழில்ல அதைத் தடை செய்து வச்சிருக்கினம், நல்ல கொம்பனியள் லாப்பில வேற பொருளுகளைச் சேத்துத்தான் அந்த மணத்தைக் கொண்டுவருகினம். இதை எழுதி அனுப்பினன், பாத்தான், புளொக் பண்ணிப்போட்டான். 46,500 ரூபா!

வாங்கிறதெண்டா என்னென்ன பாக்கோணும் எண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது. முழுக்காசையும் முதல் போடாதேங்கோ. பில் இல்லாட்டி வாங்காதேங்கோ. அசல் அத்தி எண்ணெய் எண்டு ஆரும் சொன்னா அங்கயே விடுங்கோ. நுகர்வோர் அதிகாரசபை நம்பர் 1977, நான் ஸ்லிப்போட முறைப்பாடு குடுக்கப் போறன். உங்களிட்டயும் முள்ளியவளைப் பெடியன் எண்டு சொல்லி ஆரும் காசு வாங்கியிருந்தா ஸ்லிப்பை எடுத்து வச்சுக்கொண்டு எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கோ, சேந்து குடுப்பம்.