பழைய தையல் மெஷின் வாங்கப் போறவங்க படிங்க: 2,800 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

எழுதும்போதே கை நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. எதைப் பார்த்து வாங்கணும்னு கீழ விவரமாவே எழுதுறேன், முதல்ல கதையைக் கேளுங்க.

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய சாமான் கடை. பேர் போட்டா கேஸ் போடுவேன்னு கடைக்காரன் மிரட்டுறான், அதனால போடல. போன மாசம் அங்க ஒரு சிங்கர் கால் மெஷினும் ஒரு பழைய கவுனும் சேர்த்து 2,800 வெள்ளிக்கு வாங்கினேன். மெஷின் 1910ஆம் வருஷத்துதாம். கவுன் 1930கள்ல தோட்டத்துத் துரை பொண்டாட்டிக்குக் கையாலயே தைச்சதாம்.

அந்த ஆளு என்ன பண்ணான் தெரியுமா? பாபின் மூடியைத் திறந்து, பழைய பல் பிரஷ்ஷால பஞ்சைத் தட்டிவிட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டான். காக்கித் துணியை நாலா மடிச்சு ஊசிக்கு அடியில தள்ளி, "நீயே மிதி தங்கச்சி"ன்னான். ஒரு தையல்கூட விடல. "எங்கம்மாவும் பால்மரம் வெட்டினவங்கதான். தோட்டத்து ஜனங்ககிட்ட நான் லாபம் பார்க்கிறதில்ல." இதைச் சொல்லும்போது கண்ணு வேற கலங்குச்சு அவனுக்கு. பில்லுல அவன் கையாலயே "சிங்கர் 1910"னு எழுதிக் கொடுத்தான். இதுக்கு மேல ஒருத்தி என்னத்தைக் கேட்பா?

பெல்ட் மாத்த வந்த மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே சிரிச்சிட்டார். தையல் நீளம் வைக்கிற லீவரை மேல தள்ளினா ரிவர்ஸ்ல தைக்குது. 1910ல வந்த சிங்கர் வீட்டு மெஷின்ல ரிவர்ஸ் ஏது? அதெல்லாம் 1930கள்ல வந்த சங்கதி. பின்பக்கம் மோட்டார் மாட்ட இடம் வேற விட்டு வார்த்திருக்கு. சீரியல் நம்பர் இருக்கவேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கான். அந்த நம்பர்தாங்க சிங்கரோட பிறப்புப் பத்திரம். Y எழுத்துல ஆரம்பிச்சா ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் ஆலையில 1920கள்லயோ 30கள்லயோ செஞ்சதுன்னு சொல்லிடலாம். அதைத்தான் அழிச்சிருக்கான். தங்கப் பூ வேலைப்பாட்டுல நகத்தை வெச்சா ஓரம் தூக்குது, புது ஸ்டிக்கர். ரெண்டாம் உலகச் சண்டைக்கு அப்புறம் ஜப்பான்காரன் இதே மாடலை மானாவாரியா செஞ்சு தள்ளினான், அதுல ஒண்ணா இருக்கும்னார் அண்ணன். ஐந்நூறு கூடப் பெறாதாம். நான் கொடுத்தது 2,800 வெள்ளி!

அப்புறம்தான் கவுனைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புல நைலான் ஜிப். கேட்டதுக்கு, "பிற்பாடு மாத்தியிருப்பாங்க"ன்னான். சரி, மாத்தியிருக்கலாம். தோள், இடுப்பு, கை மடிப்பு எல்லாத்தையுமா பிரிச்சுத் தைச்சாங்க? எல்லாம் ஒரே நூல். உள்மடிப்புல ஒரு இழையை உருவி லைட்டர்ல காட்டினேன். பருத்தி நூல்னா எரிஞ்சு சாம்பலாகணும். இது சுருண்டு உருகிக் கெட்டியாச்சு. பாலியெஸ்டர். இங்கிலாந்துல அந்த இழையைக் கண்டுபிடிச்சதே 1941ல. துரையம்மா 1930கள்லயே போட்டுக்கிட்டாங்களாம்!

கடைக்கு முதல் தடவை திரும்பப் போனப்போ, "தவ்கே (முதலாளி) ஈப்போ போயிட்டார்." அப்புறம், "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாதுங்க." வாட்சாப்ல நீல டிக் விழுது, பதிலைக் காணோம். கடைசியா நேர்ல பிடிச்சா, "பார்த்துத்தானே வாங்கினே? மிதிச்சுத்தானே பார்த்தே?"ங்கிறான். தங்கச்சியும் போச்சு, மரியாதையும் போச்சு. 1910னு எழுதினது யாருன்னு கேட்டா, "அது மாடல் நம்பர்"ங்கிறான். மாடல் நம்பராம்! பக்கத்துல நின்ன பையன் வேற இளிக்கிறான்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன். உட்கார்ந்தா ஆத்திரம்தான் வருது. சீரியல் நம்பர் அழிஞ்சிருந்தா தொடாதீங்க. துணியை உள்பக்கம் திருப்பி ஜிப்பையும் நூலையும் பாருங்க. வருஷத்தை பில்லுல எழுதி வாங்குங்க, என்கிட்ட இப்ப இருக்கிற ஒரே பிடி அதுதான். அம்மா கதை சொன்னா எழுந்து வந்துடுங்க.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போடப்போறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. இதே கடையில யாராவது வாங்கியிருந்தா பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, சேர்த்தே போடலாம். 2,800 வெள்ளியை நான் விடறதா இல்ல.