கைரோபிராக்டிக் செய்திமடல்கள்: நான்கு ஆண்டு அனுபவம்

2021 பெப்ரவரியில் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நாரி (கீழ்முதுகு) பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதை 2004 இறுதியிலேயே நிறுத்திவிட்டது. வேலையிடத்துக் காப்புறுதி கைகொடுத்ததால் ஸ்காபரோவில் பக்கத்திலிருந்த ஒருவரிடம் போனேன். நான்கு தடவையில் வலி நன்றாகக் குறைந்தது. அவர் மீது எனக்கு இன்றும் நன்றி உண்டு. அங்கே நிரப்பிக் கொடுத்த படிவத்தில் மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. செய்திமடல் வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் கிளினிக்கின் மடலை ஏழு மாதம் வாசித்தேன். வலி இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை வந்து முதுகெலும்பைச் சரிசெய்துகொள்ளச் சொன்னது. இலவசமாக எக்ஸ்-ரே எடுத்துத் தருவதாக அழைத்தது. நாரி வலி தொடங்கி முதல் ஆறு வாரத்தில், ஆபத்து அறிகுறிகள் இல்லாதவருக்கு எக்ஸ்-ரே தேவையில்லை என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017இல் அறிவுறுத்தியிருப்பதைப் பின்னால் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. குழந்தைகளின் காதுத் தொற்றுக்கும் ஆஸ்துமாவுக்கும்கூட இதில் தீர்வு உண்டு என்பதுபோல் அந்த மடல் எழுதியது. இத்தகைய கூற்றுகளை 2008இல் விமர்சித்ததற்காகத்தான் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டு, 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒருநாள் மிசிசாகாவில் இருக்கும் அக்காவுக்கு அவருடைய கிளினிக்கிலிருந்து வந்த மடலைப் பார்த்தேன். அதே கட்டுரை, எழுத்துக்கு எழுத்து. ஆயத்தமாக எழுதி வைத்த மடல்களைக் கிளினிக்குகளுக்கு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. என் முதுகைத் தொட்டுப் பார்த்தவர் எழுதுகிறார் என்று நம்பித்தானே வாசித்தேன்? சந்தாவை நிறுத்தினேன். கனடாச் சட்டப்படி 10 வேலைநாளுக்குள் மடல் நிற்க வேண்டும். ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் நின்றது.

இப்போது நான் நம்பி வைத்திருப்பது, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தின் மாத அறிவிப்பு. இலவசக் கணக்கு ஒன்று திறந்து, தேடலைச் சேமித்தால் போதும். முதலில் 'கைரோபிராக்டிக்' என்று மட்டும் கொடுத்து, தினமும் அனுப்பச் சொல்லிவிட்டேன். வாசித்து முடிக்க இயலவில்லை. பிறகு முதுகெலும்புக் கைச்சிகிச்சை, நாரி வலி ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்து, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கட்டுரைகள் மட்டும், மாதம் ஒருமுறை என்று மாற்றினேன். அரைமணி நேரத்தில் வாசித்துவிடலாம்.

அது என்னைப் பழைய கட்டுரைகளுக்கும் இழுத்துச் சென்றது. ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2017இல் வந்த கட்டுரை ஒன்று 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது: புதிதாக வந்த நாரி வலிக்கு இந்தச் சிகிச்சை ஆறு வாரம்வரை ஓரளவு பலன் தருகிறது. அந்த 'ஓரளவு' என்ற சொல்லைக் கிளினிக் மடலில் நான் ஒருபோதும் கண்டதில்லை. என் வலி எப்படியும் சில வாரங்களில் தணிந்திருக்கக்கூடும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கைரோபிராக்டிக் அண்ட் மேனுவல் தெரபிஸ் என்ற ஆய்விதழின் அறிவிப்பும் எனக்கு வருகிறது. கட்டுரைகள் முழுவதும் இலவசம், ஆனால் நோயாளிக்குப் பயன்படுபவை குறைவு.

கழுத்தைப் பற்றிப் படித்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ மருத்துவமனைகளின் ஒன்பது ஆண்டுப் பதிவுகளிலிருந்து, கழுத்தின் பின்புற இரத்தக்குழாய் சார்ந்த 818 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2008இல் வந்தது. பக்கவாதத்துக்குச் சற்று முன் கைரோபிராக்டரிடம் போனவர்களைப் போலவே குடும்ப மருத்துவரிடம் போனவர்களும் அதில் இருந்தார்கள். இரத்தக்குழாய் ஏற்கெனவே கிழிந்து, அந்த வலியோடு அவர்கள் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சிகிச்சையால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. திடீரென வரும் புதுவிதக் கழுத்து வலியையும் தலைவலியையும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அத்தான் தலைவலி என்று கழுத்தை நெட்டி முறித்துக்கொள்ளப் புறப்பட்டபோது இதைச் சொல்லித் தடுத்தேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் மருத்துவரிடம் போனார். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. இப்போது மருந்து எடுக்கிறார். மாத மடல் வந்துவிட்டதா என்று அவரே கேட்கிறார். தொலைபேசியில் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன்.