மாடியில் மெஷ் வைஃபை திணறுகிறதா? காற்றுவழியா, லேன் கேபிளா, கரன்ட் லைனா

போனில் கோடு முழுசாக இருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். அந்தக் கோடு, போனுக்கும் பக்கத்து நோடுக்கும் (வீடு முழுக்க வைஃபை பரப்ப ஆங்காங்கே வைக்கும் மெஷ் பெட்டிகளில் ஒன்று) இடையிலான சிக்னலைத்தான் காட்டும். அந்த நோடு கீழே இருக்கும் மெயின் ரவுட்டரோடு எப்படிப் பேசுகிறது என்பது அதில் தெரியாது. அந்தப் பாதைக்குப் பெயர் பேக்ஹால்.

லேப்டாப்பை மாடி நோடின் லேன் போர்ட்டில் செருகி வேகம் பாருங்கள். அங்கேயும் குறைந்தால் பேக்ஹால் கோளாறு. அங்கே சரியாக வந்தால் போன் கீழ் ரவுட்டரை விடாமல் பிடித்திருக்கலாம். போனில் வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

காற்றுவழி பேக்ஹாலுக்குத் தனிச் செலவில்லை, தொல்லைதான் அதிகம். டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு ரேடியோ) நோடில் போனுக்கும் பேக்ஹாலுக்கும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவது நோடை இரண்டாவதோடு கோத்தால் அதிலும் பாதி. ட்ரை பேண்ட் (மூன்று ரேடியோ, ஒன்றை பேக்ஹாலுக்கே ஒதுக்கலாம்) வாங்குவதற்குக் காரணமே இதுதான். சிக்னலே வராத அறைக்குள் நோடை வைப்பது பலரும் செய்யும் தப்பு. வராத சிக்னலை அது எங்கிருந்து கொடுக்கும்? ஆப்பில் பேக்ஹால் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு, பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கப் பலம்) அளவில் இருக்கும் இடம் பாருங்கள். மைனஸ் 75-க்கும் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். கான்கிரீட் தளத்தை விட மாடிப்படித் திறப்பு நல்ல வழி. இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒரு நிமிடம் போய்த் திரும்பினால் சேனலைப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் விலகியாக வேண்டும். அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால் அங்கே ரேடார் இருக்கிறதா என்று 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேசும். 36 முதல் 48-க்குள் ஒன்றை நிலையாக வையுங்கள்.

சுவருக்குள் காலிப் பைப் இருந்தால் யோசிக்காமல் கேட் 6 கேபிள் இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை தாங்கும். வேகம் 95 எம்பிபிஎஸ் பக்கமே முட்டி நின்றால் கிரிம்பிங் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) கோளாறாக இருக்கலாம். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடி ஒயரும் சேர வேண்டும். ஒரு ஜோடி விட்டாலும் ஜிகாபிட் கிடைக்காது, பெரும்பாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். புது ஆர்ஜே 45 பிளக் போட்டு இரு முனையிலும் ஒரே கலர் வரிசையில் கிரிம்ப் செய்யுங்கள். மெயின் பெட்டி ரவுட்டர் மோடில் (வீட்டு நெட்வொர்க்கை அதுவே நடத்தும் நிலை) இருந்தால், மாடிக் கேபிள் அதன் லேன் போர்ட்டிலிருந்துதான் போக வேண்டும். ஃபைபர் மோடத்தில் நேராகச் செருகினால் மெஷ் குழம்பும். மோடமும் மெயினும் இரண்டுமே ரவுட்டர் மோடில் ஓடினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகி, மெஷ்ஷில் இருக்கும் போனுக்கு மோடத்தில் மாட்டிய பிரின்டர் தெரியாது. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை மட்டும் கடத்திவிடும் நிலை) மாற்றுங்கள், அல்லது மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) போடுங்கள்.

வீட்டுக் கரன்ட் ஒயர் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர், கேபிளும் இழுக்க முடியாமல் காற்றும் எட்டாமல் போனால் மட்டும். த்ரீ ஃபேஸ் வீட்டில் கீழும் மேலும் வெவ்வேறு ஃபேஸ் என்றால் இணைப்பே கிடைக்காமல் போகலாம். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சிக்னலைத் தின்றுவிடும், சுவர் சாக்கெட்டிலேயே செருகுங்கள். ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்று நேர் லைனிலும் இருந்தாலும் இதே கதை.