களிப்புக்கு வேர் தேட ஒரு நல்ல இடம்: இணையத்தில் தமிழ் லெக்சிகன்

பெங்களூரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர்கள் எந்த அகராதி நல்லது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தைத்தான். இலவசம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், அப்புறம் 1939இல் அனுபந்தமாகவும் முடித்த தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி அதில் இருக்கிறது, தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம்.

என் மகள் போனில் வைத்திருந்த ஓர் அகராதி ஆப்பில் உவகை, களிப்பு, பரவசம் என்று எதைப் போட்டாலும் மகிழ்ச்சி என்ற ஒரே பதில்தான் வரும். அப்படியானால் எதற்கு இத்தனை சொற்கள்? லெக்சிகனில் களித்தல் என்று தேடினால், மகிழ்வதும் கள்ளுண்டு மயங்குவதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. களியானை என்றால் மதம் கொண்ட யானை. மகிழ் என்பதற்கும் பழந்தமிழில் கள் மயக்கம் என்ற பொருள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு 1281ஆம் குறளுக்குப் போங்கள்: 'உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு.' நினைத்தாலே களிப்பதும் பார்த்தாலே மகிழ்வதும் கள்ளுக்குக் கிடையாது, காமத்துக்குத்தான் என்கிறார் வள்ளுவர், அதுவும் கள்வாசம் வீசும் இரண்டு சொற்களையே எடுத்து! என்ன ஒரு துணிச்சல்.

பரவசம் வடமொழிச் சொல், பிறர் வசமாவது என்று பொருள். சாமி ஊர்வலத்தில் மெய்மறந்து நிற்பவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உவகையோ தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், கடைசியாக நிற்பது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று அது பிறக்கும் இடம் நான்கு.

அதே தளத்தில் மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் உண்டு. நம் ஊர் அபார்ட்மெண்ட்களில் ஒரே மாடியில் கன்னடம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்: நம் கள், கன்னடத்திலும் மலையாளத்திலும் கள்ளு, தெலுங்கில் கல்லு என்று அவர்களே கோத்துக்கொள்வார்கள்.

சின்னவர்களைத் தனியாக விடாதீர்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். லெக்சிகனின் விளக்கங்கள் பாதி ஆங்கிலம், மீதி அந்தக் காலத்துப் புலவர் தமிழ். இன்றைக்குப் பேசுகிற, எழுதுகிற தமிழுக்கு 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது, வாங்கும்போது புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.