ஹாலில் எட்டு வருடம் தொங்கிய விக்டோரியா ஸ்கிரீன்

போன வாரம் சின்ன நாத்தனார் கிரகப்பிரவேசத் தேதியைச் சொன்ன கையோடு கேட்டாள்: "அண்ணி, உங்க ஹால் ஸ்கிரீன எங்க தைச்சீங்க? எனக்கும் அப்படியே வேணும்." அவள் கேட்ட நேரத்தில் அந்த ஸ்கிரீனின் மேல்தொங்கல் முழுவதும் என் கட்டிலில் கிடந்தது. ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பியை மறைக்கும் பெல்மெட் பலகை ஒரு பக்கம் சுவரைவிட்டு இறங்கிவிட்டதால், ஆசாரி அப்போதுதான் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். போனிலேயே பதில் சொல்லியிருந்தால் கோபத்தில் சொன்னதாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

2017இல் திருச்சியில் இந்த வீட்டுக்கு வந்தபோது ஹாலுக்கு இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி காலத்துப் பாணி, படுக்கையறைக்கு அதற்கும் நூறு வருடம் முந்தைய, பூப்போட்ட சீட்டிப் பருத்தித் துணிப் பாணி என்று முடிவு செய்தோம். ஹாலில் அரக்கு நிற வெல்வெட், உள்ளே லேஸ், மேலே பெல்மெட், அதில் பிறை பிறையாக மூன்று தொங்கல், இரண்டு ஓரத்திலும் படிப்படியாக இறங்கும் வால், இழுத்துக் கட்டக் குஞ்சம் வைத்த கயிறு. பார்த்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

வெல்வெட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஹால் மேற்கு பார்த்தது. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு மேல் சோபாவில் கை வைக்க முடியாது. லைனிங் கொடுத்த வெல்வெட்டை இழுத்துவிட்டால் அந்த வெயில் ஜன்னலோடு நின்றுவிடுகிறது. பஸ் ஹாரன் சத்தமும் ஓரளவு குறைகிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தைத்துக் கொடுத்த பெரியவர் தொழில் தெரிந்தவர். துணியைத் தடவிப் பார்த்து, ரோமம் மேல்நோக்கிப் படியும்படி எல்லாப் பாகத்தையும் ஒரே திசையில் வெட்டினார். அப்படி வெட்டினால்தான் நிறம் ஆழமாகத் தெரியும், ஒரு பாகம் திரும்பிவிட்டாலும் அது மட்டும் வெளிறித் தெரியும் என்றார். ஜன்னலைப் போல் இரண்டரை மடங்கு துணி கேட்டபோது செலவை நினைத்துத் தயங்கினேன். புடவைக் கொசுவம்போல அந்த மடிப்புகள் எட்டு வருடம் கழித்தும் அப்படியே விழுவதைப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். பிறைத் தொங்கலையும் ரவிக்கைக்கு வெட்டுவதுபோல கிராஸ் கட்டிங்கில்தான் வெட்டினார். நேர்த்துணியில் வெட்டினால் பிறை வழிந்து விழாது, முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் அந்தத் தொங்கல்தான் என்னைப் படாதபாடு படுத்தியது.

ஒவ்வொரு பிறையிலும் ஐந்து மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் தூசியை ஏந்திக்கொள்ளும் தொட்டில். போகிக்குப் போகி ஸ்டூல் போட்டு ஏறி, வேக்கூமின் குழாயை வைத்தால் அது தூசியோடு துணியையும் சேர்த்து உறிஞ்சும். கழற்றித் துவைக்கலாம் என்றால், மாட்டிக் கொடுத்த கடைக்காரர்கள் தொங்கலைப் பலகையோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டார்கள். "இதை எப்படிக் கழற்றுவது?" என்று அன்றே கேட்டேன். "யாரும் கழற்ற மாட்டாங்க மேடம்" என்றார்கள். நானும் நம்பினேன். இந்த வாரம் ஆசாரி பிடுங்கிய பின்களை எண்ணினேன், எழுபத்திரண்டு. நடுப் பிறையை விரித்தபோது அடிமடிப்பில் திருநீறு கொட்டியதுபோல ஒரு விரற்கடைக்குப் புழுதி, அதில் பல்லி முட்டை ஓடு இரண்டு. மகன் சின்ன வயதில் அந்த சோபாவில் உட்கார்ந்துதான் மாலையெல்லாம் தும்மிக்கொண்டிருந்தான். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

இந்தப் பாணியைத் தேர்ந்தெடுக்கும்போது படம் மட்டும்தான் பார்த்தேன், அந்த வீடுகளின் நடைமுறையைப் படிக்கவில்லை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கனத்த திரை குளிர்காற்றைத் தடுக்கத்தான். வசதியான வீடுகளில் வசந்தம் வந்ததும் கம்பளியையும் வெல்வெட்டையும் இறக்கி, தட்டி, மடித்து வைத்துவிட்டு, மெல்லிய மஸ்லினையோ சீட்டியையோ மாட்டிவிடுவார்கள். அதைச் செய்ய வேலைக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் நிலக்கரி எரித்தவர்களுக்குப் புகைக்கரி துணியில் என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்? அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்தவரும் உண்டு. 1868இல் சார்லஸ் ஈஸ்ட்லேக் என்ற ஆங்கிலேயர், ஜோடனைத் தொங்கல்களும் தரையில் புரளும் துணியும் வேண்டாம், எளிய கம்பியில் வளையம் கோத்து நேராகத் தொங்கவிட்டால் போதும் என்று எழுதினார். அதையும் விக்டோரியா பாணி என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் எனக்குக் காட்டிய ஆல்பத்தில் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை.

படுக்கையறைக் கதை வேறு. அங்கே மசூலிப்பட்டினத்துக் கலம்காரிச் சீட்டி, இயற்கைச் சாயம், கிழக்கு ஜன்னல், பெல்மெட் கிடையாது. வருடம் நான்கு தடவை குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவேன், அவ்வளவுதான் வேலை. கடுக்காயும் படிகாரமும் சாயவேரும் தெரிந்த சோழமண்டலக் கரைக்காரர்களின் கைவேலை இது. துவைத்தாலும் சிவப்பு போகாத துணியைக் கண்டு ஐரோப்பா அசந்துபோயிற்று. ஜன்னல் திரை, மெத்தை, நாற்காலி எல்லாம் இந்தியத் துணியாகிவிட்டதே என்று 1708இல் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டெஃபோ புலம்பினார். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்து 1721இல் உடுப்புக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் சேர்த்தே தடை போட்டு, 1774இல்தான் தளர்த்தியது. நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்று சாதாரணமாகச் சொன்ன துணி, அவர்களுக்குச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய சரக்காக இருந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தத் திரையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

நான்காவது வருடம் ஒரு நாள் காலை, படுத்தபடியே திரையைப் பார்த்தேன். பச்சை இலைகள் நீலமாகியிருந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் பதறினேன். பிறகு புரிந்தது. நீலத்தின்மேல் மஞ்சள் பூசித்தான் அந்தப் பச்சையைக் கொண்டுவருகிறார்கள், வெயிலில் மஞ்சள்தான் முதலில் போகும். மியூசியங்களில் இருக்கும் பழைய சீட்டிகளிலும் இலைகள் இப்படி நீலமாகத்தான் நிற்கின்றன. ஓரத்தில் லைனிங்குக்குள் மடிந்திருந்த ஒரு இலை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. விருந்தாளிகள் யார் வந்தாலும் அந்த மடிப்பை விரித்துக் காட்டுகிறேன்.

இனி நாத்தனாருக்கு. உன் ஹாலும் மேற்கு பார்த்ததுதான், ரோடும் பக்கம்தான். வெல்வெட்டின் குணம் அத்தனையும் உனக்குப் பயன்படும். அழகிலும் அதற்கு ஈடு இல்லை. ஆனாலும் வாங்காதே. உன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நீ வேலைக்குப் போகிறவள். லைனிங் வைத்த பருத்தியைக் கம்பியில் வளையம் கோத்து மாட்டு. சீட்டி எடுப்பதானால் நானும் கூட வருகிறேன். கடைக்காரர் தொங்கல் படத்தைக் காட்டினால், எந்த வழியாகக் கழற்றுவது என்று முதலில் கேள். கழற்றிக் காட்டச் சொல்.

என்னுடையதை டிரை வாஷுக்குக் கொடுத்திருக்கிறேன், 2,800 ரூபாய். அதோடு போகட்டும், தொங்கலே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நேற்று சாயங்காலம் மொட்டைப் பலகைக்குக் கீழே வெல்வெட் மட்டும் தொங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார். பலகை நெடுகிலும் வெல்க்ரோ ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பிறையும் திரும்ப ஏறும், ஆனால் பங்குனி பிறந்ததும் இறங்கிவிடும். ஐப்பசி வரை அந்தப் பலகையில் லேஸ் மட்டும்தான்.