மெல்போர்னில் வியட்நாமியச் சமூகத்தைத் தேடுவோருக்கு: ரிச்மண்டா, ஃபுட்ஸ்கிரேயா, ஸ்பிரிங்வேலா?

என் மனைவி சைகோனில் பிறந்து வளர்ந்தவர், நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் பிழைக்கப் போய், அங்கேயே மணம் முடித்துத் திரும்பிய குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு என்பதால், எங்கள் திருமணம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய வியப்பாக இருக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தின் உள்நாட்டு ஊர் ஒன்றில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, வேலை நிமித்தம் மெல்போர்னுக்குக் குடிபெயர வேண்டி வந்தபோது, கணவரை இழந்த என் மாமியாரும் எங்களோடு வந்து சேர்வதாக முடிவாயிற்று. வியட்நாமிய மொழி தவிர வேறொன்றும் அறியாத அவர் எங்கே மனம் ஊன்றி வாழ முடியும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பகுதி பகுதியாகச் சென்று பார்த்தோம். கடைசியில் ஸ்பிரிங்வேலில் குடியேறினோம். அந்தத் தேர்வின் பக்கம் என் மனம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிட்னிக்குப் போகிறவர் என்றால் முதலில் கப்ரமாட்டாவைப் போய்ப் பாருங்கள் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். மெல்போர்னில் அப்படி ஒரே பெயரைச் சொல்ல முடியாது. 1975 ஏப்ரல் 30இல் தென்வியட்நாமின் தலைநகரான சைகோன் வடவியட்நாம் படைகளிடம் வீழ்ந்த பின், 1976 ஏப்ரலில் முதல் அகதிப் படகு டார்வின் துறைமுகத்தை வந்தடைந்தது. அதன் பிறகு வந்த பல்லாயிரம் பேரில் மெல்போர்னுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் அரசின் குடியேறிகள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று மேற்கே மரிபிர்னாங்கில் இருந்த மிட்வே விடுதி. இன்னொன்று தென்கிழக்கே ஸ்பிரிங்வேலில் 1970 முதல் 1992 வரை இயங்கிய என்டர்பிரைஸ் விடுதி. விடுதியை விட்டு வெளியேறியவர்கள் தொழிற்சாலை வேலையும் மலிவான வாடகையும் கிடைத்த அக்கம்பக்கத்திலேயே தங்கிவிட்டதால், நகரின் இரு எதிர்ப்புறங்களிலும் இரண்டு வியட்நாமிய ஊர்கள் வளர்ந்தன. இடையே, நகர மையத்தை ஒட்டிய ரிச்மண்டில், அரசு கட்டிய அடுக்குமாடிக் கோபுரங்களில் இடம் கிடைத்தவர்கள் மூன்றாவது ஊரை உருவாக்கினார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுவோர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் சிட்னியிலும் மெல்போர்னிலும்தான் வாழ்கிறார்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஃபோவும் (அரிசி நூடுல்ஸ் சூப்) பான்மியும் (வியட்நாமிய ரொட்டிச் சாண்ட்விச்) மூன்று இடங்களிலும் கிடைக்கின்றன. மீன் சாறும் அரிசித்தாளும் வள்ளைக்கீரையும் எங்கும் உண்டு. வீடு தேடுகிறவர் உணவகங்களை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை, ஏனென்றால் உணவகத்துக்கு மாதம் இருமுறை போனால் போதும், ரயிலேறியும் போகலாம்.

ரிச்மண்டின் விக்டோரியா தெரு நகர மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 109ஆம் எண் டிராம் அதன் வழியாகவே போகிறது. 1983இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய வியட்நாமியப் பெண்கள் சங்கம் இங்கே வேரூன்றியது; முதியோர் பராமரிப்பில் அதற்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் இங்கே புதிதாகக் குடிவருவது எளிதல்ல. தனியார் வாடகை எங்களைப் போன்ற மூன்று தலைமுறைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத அளவில் இருக்கிறது; தெருவில் வியட்நாமியக் கடைகள் முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டன என்று அங்கேயே வாழ்பவர்கள் வருத்தத்தோடு சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானது, விக்டோரியா அரசு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிப்பு: மெல்போர்னின் 44 அரசு அடுக்குமாடிக் கோபுரங்களையும் 2051க்குள் படிப்படியாக இடித்துப் புதிதாகக் கட்டுவது என்பது திட்டம். ரிச்மண்டின் வியட்நாமிய முதியவர்களில் கணிசமானோர் அத்தகைய கோபுரங்களில்தான் வாழ்கிறார்கள். அவர்கள் இடம் மாறினால் அந்தத் தெருவின் வியட்நாமிய வாழ்வு எப்படித் தொடரும் என்ற கவலை எங்களுக்கு இருந்தது. அதனால் ரிச்மண்டை விரைவிலேயே ஒதுக்கிவிட்டோம்.

ஃபுட்ஸ்கிரேயை அப்படி ஒதுக்க முடியவில்லை. உண்மையில் என் மனைவியின் முதல் விருப்பம் அதுதான். நகர மையத்திலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருப்பதால் ரயிலில் சில நிமிடங்களில் அலுவலகம் போய்விடலாம். நிலையத்துக்கு எதிரிலேயே ஃபுட்ஸ்கிரே சந்தை இருக்கிறது. ஹாப்கின்ஸ் தெரு, லீட்ஸ் தெரு, நிக்கல்சன் தெரு என்று கடைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. எத்தியோப்பிய உணவகங்களும் இந்திய மளிகைக் கடைகளும் கலந்து இருப்பதால், இரு பண்பாட்டுக் குடும்பம் ஒன்று அங்கே யார் கண்ணையும் உறுத்தாமல் வாழலாம். பௌத்தர்களுக்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு: மெல்போர்னின் பெரிய வியட்நாமிய பௌத்தக் கோயில்களில் ஒன்றான குவாங் மின் அருகிலுள்ள பிரேபுரூக்கில், மரிபிர்னாங் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஏழாம் சந்திர மாதப் பௌர்ணமியில் பெற்றோரை நினைத்துக் கொண்டாடப்படும் வு லான் திருவிழாவுக்கும் டெட் புத்தாண்டுக்கும் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அதனருகே வாழ வேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

எங்களைத் தயங்கவைத்தது அதன் மாறிவரும் முகம். நகருக்கு இவ்வளவு அருகில் இருக்கும் பகுதி என்றைக்கும் மலிவாக இருக்காது. நிலையத்தைச் சுற்றி உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. சொந்த வீடு வாங்கும் தகுதி பெற்ற வியட்நாமியக் குடும்பங்கள் சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ், டீர் பார்க் என்று இன்னும் மேற்கே நகர்ந்து பல ஆண்டுகளாகின்றன. லிட்டில் சைகோன் சந்தை 2016 டிசம்பரில் தீயில் அழிந்தபோது, கடைகளோடு வயதானவர்கள் தினமும் கூடிப் பேசும் இடமும் போய்விட்டது. கடைக்காரர்கள் ஃபுட்ஸ்கிரேயிலும் வாடிக்கையாளர்கள் வேறெங்கோ தொலைவிலும் வாழும் நிலை வரும்போது, வார இறுதியில் தெரு நிரம்பி வழிந்தாலும் வார நாட்களில் அண்டை வீட்டில் பேச ஆள் இருப்பதில்லை.

வார நாள் என்ற இந்தக் கணக்குதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. சமூகத்தைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் டெட் திருவிழாச் சமயத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஓர் இடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். சிங்க நடனமும் வெடிச் சத்தமும் கரும்புச் சாற்றுக் கடையும் கண்ணில் படும்போது எந்தப் பகுதியும் சொந்த ஊராகவே தோன்றும். ஆனால் நானும் மனைவியும் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்ட பிறகு, காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை தனியாக இருக்கப்போகிறவர் மாமியார்தான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை. அவர் துணையின்றி நடந்து போய்க் காய் வாங்கி, மருந்து வாங்கி, மருத்துவரிடம் தன் மொழியிலேயே உடம்பைப் பற்றிச் சொல்லி, யாரோடேனும் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்ப முடியுமா என்பதைத்தான் நாங்கள் ஒவ்வொரு பகுதியிலும் சோதித்துப் பார்த்தோம்.

ஸ்பிரிங்வேலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தும் பக்கிங்ஹாம் அவென்யூவில் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தவர்களில் பாதிப்பேர் மாமியாரின் வயதுக்காரர்கள். காய்கறிக் கடையில் கீரையைக் கையிலெடுத்துப் பார்த்து விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்; கடைக்காரப் பெண் பெரியம்மா முறை சொல்லி அழைத்துப் பேசுகிறார். மருந்துக் கடையில் மருந்தாளர் வியட்நாமிய மொழியில் மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று விளக்குகிறார். மருத்துவர், பல் மருத்துவர், கண்ணாடிக் கடை, வரிக் கணக்கு எழுதுபவர், வழக்குரைஞர் என்று ஒரு முதியவருக்குத் தேவைப்படக்கூடிய எல்லோருடைய பெயர்ப்பலகையிலும் வியட்நாமிய எழுத்து இருந்தது. இவை அனைத்தும் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. முன்பு ஸ்பிரிங்வேல் சாலையைக் குறுக்கே வெட்டிச் சென்ற ரயில் பாதையை 2014இல் தாழ்வான பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். மெதுவாக நடப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவரோடு நடந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் அரசுச் சேவை இருக்கும்போது மருத்துவர் வியட்நாமியராக இருந்தே ஆக வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தச் சேவை மிக நல்லது. உள்நாட்டு ஊரில் இருந்தபோது, மாமியார் எங்களைப் பார்க்க வந்து தங்கிய நாட்களில், அதை நம்பித்தான் இருந்தோம். ஆயினும் முகம் தெரியாத மூன்றாமவர் காதில் விழும்படி மூட்டு வலியைச் சொல்லலாம், தூக்கம் வராத துக்கத்தைச் சொல்ல முடிவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் தன் மகன் வயதில், தன் மொழியில் பேசும்போது அவர் தானாகவே நிறையச் சொல்கிறார். இங்கே வந்த பிறகு அவருடைய இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததற்கு மருந்து மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

ஸ்பிரிங்வேலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 23 கிலோமீட்டர் என்பதால் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் கழிகிறது. ரயில் கட்டணக் கணக்கில் ஸ்பிரிங்வேல் தொலைவான இரண்டாம் மண்டலத்தில் இருந்தாலும், 2015 ஜனவரி முதல் அங்கிருந்து நகருக்குப் போக முதல் மண்டலக் கட்டணமே போதும் என்றாகிவிட்டதால், கூடுதலாகச் செலவாவது நேரம் மட்டுமே. கோயில் விஷயத்தில் ஃபுட்ஸ்கிரேதான் மேல்: இங்கே ஸ்பிரிங்வேல் சவுத்தில் ஹோவா நியெம் கோயில் இருக்கிறது என்றாலும், கடைத்தெருவிலிருந்து அங்கே போகப் பேருந்தோ காரோ வேண்டும். அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியிலும் சைவ உணவு உண்டு விளக்கேற்றும் மாமியாருக்கு, கோயில் நடைதூரத்தில் இல்லாதது உண்மையான குறை. அந்நாட்களில் எங்களில் ஒருவர் அவரை அழைத்துச் செல்கிறோம். என்னைப் பொறுத்தவரை, கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குத் தென்கிழக்கிலிருந்து போவது எளிது என்பது எதிர்பாராமல் கிடைத்த ஆறுதல்.

குழந்தையின் மொழிக் கல்வியில் மூன்று பகுதிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1935 முதல் இயங்கும் விக்டோரிய மொழிகள் பள்ளி என்ற அரசு நிறுவனம் நகரின் பல மையங்களில் சனிக்கிழமை வகுப்புகளை நடத்துகிறது. வியட்நாமிய மொழி, தமிழ் இரண்டும் அதில் உண்டு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இரண்டுமே பாடங்களாக ஏற்கப்படுகின்றன. இருந்தாலும், வகுப்பில் கற்ற சொல்லைப் பிற்பகலிலேயே கடையில் பேசிப் பார்க்கும் வாய்ப்பு என் மகளுக்கு ஸ்பிரிங்வேலில் கிடைக்கிறது. பாட்டிக்குத் துணையாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வரும் அளவுக்கு அவள் மொழி வளர்ந்திருக்கிறது.

வியட்நாமிலிருந்து அண்மையில் வருகிறவர்கள், குறிப்பாக ஹனோயிலிருந்து வருகிறவர்கள், ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். மெல்போர்னின் பழைய வியட்நாமியச் சமூகம் பெரும்பாலும் தெற்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களால் ஆனது. சமூக விழாக்களில் பறப்பது மஞ்சள் நிறத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென்வியட்நாம் கொடி. இன்றைய வியட்நாம் விடுமுறையாகக் கொண்டாடும் ஏப்ரல் 30 இவர்களுக்குத் துக்க நாள். இந்தக் காயம் மூன்று பகுதிகளிலும் பொதுவானது, அதை மதித்து நடந்துகொள்பவர்களை எங்கும் அன்போடு ஏற்றுக்கொள்கிறார்கள். போருக்குப் பின் பிறந்த என் மனைவிக்கு, தன் வயதையொத்த, அண்மையில் வந்த நட்புகளும் தேவைப்பட்டன. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகம் அருகில் இருப்பதால், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட இளையவர்கள் ஸ்பிரிங்வேலுக்குச் சாமான் வாங்க வருகிறார்கள். அவருடைய நெருங்கிய தோழிகளில் இருவரை அப்படித்தான் கண்டுகொண்டார்.

செயின்ட் ஆல்பன்ஸைப் பற்றி நான் அழுத்தமாக எதுவும் சொல்ல முடியாது. ஆல்ஃப்ரீடா தெருவில் ஓரிரு முறை நடந்திருக்கிறோம், அங்கும் வார நாளில் முதியவர்கள் நிறைந்திருந்தார்கள். ஆனால் வாழ்ந்து பார்க்காத இடத்தைக் குறைத்தோ உயர்த்தியோ பேசுவது நியாயமில்லை. உங்கள் வேலை மேற்கில் இருந்தால், அல்லது குவாங் மின் கோயில் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இன்றியமையாதது என்றால், ஃபுட்ஸ்கிரேயில் கூடுதல் வாடகை கொடுப்பதற்கு முன் சன்ஷைனையும் செயின்ட் ஆல்பன்ஸையும் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில், அந்தப் பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு, காரை நிலையத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். தனியாக வருகிற இளைஞருக்கு என்றால் என் பதில் வேறு: நகருக்கு அருகில் இருக்கும் ஃபுட்ஸ்கிரேயையே சொல்வேன்.